அண்ணிக்கு வெளியே வராத நண்டு

கண்ணாடி போடாமலே, படம் திரையை விட்டு வெளியே வந்து நிற்பதுபோலக் காட்டும் திரைகளைச் செய்வது என் தொழில். சினிமா தியேட்டரில் கொடுப்பார்களே கறுப்புக் கண்ணாடி, அது இல்லாமல். இதில் பதினோரு வருடம் தேய்ந்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் எந்தக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்வேன். அப்படிப்பட்ட என் எதிரே என் அண்ணி உட்கார்ந்து, தனக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அப்போது அவருடைய வலது கண் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கண் மிஞ்சுமா மிஞ்சாதா என்று நாங்கள் தவித்த மாதங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். அந்தப் பல்லி நான்தான்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் மண்பாதையின் முகப்பில் எங்கள் வீடு. அண்ணன் பாத்தியில் உப்பு வாருகிறவர். அண்ணி, வாரிய உப்பைக் கூடையில் நிரப்பித் தலையில் சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுகிறவர். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது மருமகளாக வந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால், வந்த மறுநாளே எனக்கு டிபன் பாக்ஸ் கட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் வாய்ச்சண்டை ஓய்ந்ததில்லை. எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அதைக் கிளறிவிட்டு வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சென்னையில் வேலை கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன்.

என் வேலை என்னவென்று அவருக்கு விளக்க ஒருநாள் பாடுபட்டேன். ஷேர் ஆட்டோக்களில் டிரைவருக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் படம் ஒட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தால் பிள்ளையார் தெரிவார், அந்தப் பக்கம் சாய்ந்தால் முருகர் தெரிவார். அதன்மேல் விரல் நகத்தை ஓட்டினால் கரகரவென்று வரிவரியாகத் தட்டுப்படும். அந்த ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி லென்ஸ். அடியில் இரண்டு சாமியையும் நூல் நூலாகக் கீறி மாற்றி மாற்றி அச்சடித்திருப்பார்கள். லென்ஸ் ஒரு நூலை இந்தப் பக்கமும் அடுத்த நூலை அந்தப் பக்கமும் அனுப்புகிறது. நாங்கள் செய்வதும் இதேதான். இரண்டு சாமிக்குப் பதில் ஒரே பொருளை இடது கண் பார்க்கும் விதமாக ஒன்று, வலது கண் பார்க்கும் விதமாக ஒன்று எடுத்து, டிவி திரைமேல் அந்த லென்ஸ் ஷீட்டை ஒட்டி, ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை மட்டும் அனுப்பிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மூளை, பொருள் முன்னால் நிற்கிறது என்று நம்பிவிடும்.

அண்ணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஆட்டோவுல சாமி படம் ஒட்டறதுக்குத்தான் அவ்ளோ படிச்சியா?"

அதோடு விடவில்லை. அளத்தில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "எங்க கொழுந்தனாரு மெட்ராசுல சாமி படம் ஒட்டறாரு" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிரம்மதேசத்தில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் வேனுக்கு ஒரு முனீஸ்வரர் படம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். அதற்கு அண்ணிதான் காரணம்.

அந்த வருடம் நகைக்கடை வாசலில் வைப்பதற்கென்று ஒரு திரை செய்துகொண்டிருந்தோம். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், வளையல் கைக்கு எட்டுவதுபோல முன்னால் வந்து நிற்க வேண்டும். லேபில் சோதித்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்களே. ஒரே வயசு, ஒரே நாற்காலி, ஏசி அறை. இது உதவாது, குட்டை நெட்டை கிழம் கட்டை என்று நாலுவிதமானவர்கள் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் வாதாடி, மாதிரித் திரையை ஊருக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கினேன். உள்ளுக்குள் வேறு ஆசையும் இருந்தது. சாமி படம் ஒட்டுகிறவன் என்ன செய்கிறான் என்று அண்ணிக்குக் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு வளையல் எதற்கு என்று நண்டு ஒன்றைப் படம்பிடித்தேன். கடலோரக் குப்பத்தில் பெரிதாக ஒன்று வாங்கி, கொடுக்குகளைக் கயிற்றால் கட்டித் துவைக்கிற கல்மேல் வைத்தேன். பார்ப்பவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தெரிய இரண்டு படம் போதாது, போனை ஓர் இரும்பு ஸ்கேலை ஒட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எட்டுப் படம் எடுக்க வேண்டும். எட்டும் எடுத்து முடிக்கும்வரை நண்டு அசையக் கூடாது. ஐந்தாவது படத்தில் அது நகர்ந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாவதில் நகர்ந்தது. நான் நண்டைத் திட்ட ஆரம்பித்தேன்.

"ஏம்பா, நண்டாண்டகூடவா சண்ட போடுவ?" என்றார் அண்ணி. "இந்நேரத்துக்குக் கொழம்பு வச்சிருந்தா எல்லாரும் ரெண்டு கண்ணால பாத்து, ஒரு வாயால சாப்ட்டிருப்பாங்க."

ஒருவழியாகப் படம் கிடைத்தது. நண்டும் குழம்புக்குப் போனது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அளத்தில் வேலை முடித்து வந்த அக்கம்பக்கத்தார் ஆறேழு பேரையும் அண்ணன் கூட்டிவந்தார். அரிசி டிரம்மின்மேல் திரையை வைத்து நண்டைப் போட்டேன். நண்டு நல்லா இருக்குது என்றார் ஒருவர். கலர் சூப்பர் என்றார் இன்னொருவர். வெளியே வரவில்லையா என்றேன். எங்க வருது என்றார்கள். பஸ்ஸில் வந்த குலுக்கலில் லென்ஸ் ஷீட் நகர்ந்துவிட்டது என்று முடிவுசெய்து, பின்பக்கம் உட்கார்ந்து பத்து நிமிடம் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன். நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழு பேரும் ஒற்றைக் கண்ணை மூடியிருந்தார்கள்.

உப்பளத்து ஆட்களுக்கு அது பிறவிப் பழக்கம் மாதிரி. மதிய வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளை, அம்பாரம் வெள்ளை, வானமும் வெள்ளை. இரண்டு கண்ணையும் திறந்தால் தண்ணீர்தான் கொட்டும். அதனால் சுமை தூக்கிப் போகும்போது ஒரு கண்ணை இடுக்கிக்கொள்வார்கள், வெறுங்கூடையோடு திரும்பும்போது அதைத் திறந்து மற்றதை மூடிக்கொள்வார்கள். போம்போது ஒரு கண்ணு, வரும்போது ஒரு கண்ணு. இப்படி மாறி மாறிக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் திரையோ வாசல் வெயிலோடு போட்டி போடுவதற்காக வெளிச்சம் ஏற்றப்பட்டது. பளீரென்று அடித்ததும் அத்தனை பேரும் தங்களை அறியாமல் ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் என் பதினோரு வருடப் படிப்பும் சாதாரண போட்டோதான். இந்தத் தவறை உலகத்தில் வேறெந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். டியூப்லைட்டுக்கு அடியிலேயே கிடந்து மறந்துபோயிருந்தேன்.

சன்னலுக்கு லுங்கியைக் கட்டி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, "ரெண்டு கண்ணயும் தொறந்து பாருங்க!" என்று கத்தினேன். திறந்தார்கள். அடுத்த நொடி வீடே அலறியது. ஒருவர் சடாரெனப் பின்னால் சாய்ந்தார். அண்ணன் கையை நீட்டி, திரைக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் எதையோ கிள்ளினார். நான் எவரெஸ்ட்டில் நின்றிருந்தேன்.

அடுப்பங்கரை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"எனுக்கு ஒண்ணும் வரலயே தம்பி. நண்டு நண்டாட்டம் இருக்குது. வெளிய எங்க வருது?"

கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். வலது கண் பாதி இடுங்கியிருந்தது. "கண்ண மூடாதீங்க அண்ணி" என்றேன். திறந்தார். இல்லை என்றார். முன்னால் வரச் சொன்னேன், பின்னால் போகச் சொன்னேன், தலையை இடதுபக்கம் சாய்க்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். இல்லை, இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக என் திரையைக் குறை சொல்கிறார் என்று எனக்கு ஏறிவிட்டது. "எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்கு மட்டும் என்னா? வேணும்னே செய்றீங்களா? ஒழுங்கா பாருங்க!" என்று ஏழு பேருக்கு எதிரே குரலை உயர்த்தினேன். அண்ணன் தலை குனிந்துகொண்டார். அண்ணி எழுந்து குழம்பைக் கிண்டப் போனார். என்னோடு சரிக்குச் சரி பேசுகிறவர் பேசாமல் போனதையாவது நான் கவனித்திருக்கலாம்.

சென்னைக்கு வந்து ஆற அமர யோசித்தபோது, குறை திரையில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. லென்ஸ் வரிகளை நாங்கள் நேர்க்குத்தாக ஒட்டுவதில்லை. கொஞ்சம் சாய்வாக ஒட்டுவோம், இல்லாவிட்டால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். அந்தச் சாய்வால், நாற்காலியில் இருப்பவருக்குச் சரியாகப் போகும் படம் தரையில் உட்காருபவருக்கு இடம் மாறிப் போகலாம். ஒரு கண்ணுக்குரியது மறு கண்ணுக்கும் கசிந்து நிழல்போல இரட்டையாகத் தெரியும். லேபில் அதை கோஸ்ட் என்போம். அண்ணி இருந்த இடத்தில் கோஸ்ட் அதிகம், அதனால்தான் நண்டு வெளியே வரவில்லை என்று கணக்குப் போட்டேன். ஆறு வாரம் உட்கார்ந்து சாய்வை மாற்றினேன், லென்ஸின் அகலத்தை மாற்றினேன். திரை நன்றாகவே மேம்பட்டது. மேனேஜர் தோளில் தட்டினார். அண்ணி சொன்ன குறைக்காக லென்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன், அண்ணியின் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்திரையில் புதுத் திரையோடு போனேன். நண்டைப் போட்டதும் அண்ணிதான் முதலில் வந்து உட்கார்ந்தார்.

"ஆ, வருது தம்பி! இப்ப நல்லா வருது!"

சொல்லிவிட்டு, அண்ணன் செய்ததுபோலவே கையை நீட்டினார். அவருடைய கை காற்றில் நிற்கவில்லை. நேரே போய்த் திரையில் டொக்கென்று முட்டியது.

அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பொருள் முன்னால் தெரிகிறவன் கை முன்னாலேயே நின்றுவிடும். கண்ணாடியில் போய் முட்டாது. இது எனக்கு அரிச்சுவடி. தெரிந்தும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு வேண்டியது 'வருது' என்ற ஒரு சொல், அது கிடைத்துவிட்டது. 'தரையில் உட்காருபவர்: தெரிகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். நான் மறுபடி ஊரைக் கூட்டிக் கத்தக் கூடாதே என்று அண்ணி பொய் சொல்லியிருக்கிறார். என் கோபம்தான் அவர் வாயில் அந்தப் பொய்யை வைத்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வீணாகப் போனது.

ஆடியில் கோஸ்ட்டை அளந்து பார்ப்பதற்கென்றே ஒரு சோதனைப் படத்தோடு வந்தேன். இடது கண்ணுக்கு மூன்று என்ற எண்ணையும் வலது கண்ணுக்கு எட்டு என்ற எண்ணையும் அனுப்பும் படம் அது. இரண்டு கண்ணும் உள்ள யார் பார்த்தாலும் குழம்ப வேண்டும். அண்ணன் பார்த்துவிட்டு, "மூணு வருது, எட்டு வருது, ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது, தல சுத்துதுடா" என்றார். அதுதான் சரியான பதில்.

அண்ணி, "மூணு" என்றார்.

"வேற ஏதாவது தெரியுதா? நெழலு மாதிரி?"

"இல்ல. மூணு. பளிச்சுனு இருக்குது."

எண்களை இடம் மாற்றிப் போட்டேன். "எட்டு" என்றார். அதுவும் பளிச்சென்று இருக்கிறதாம். மறுபடி மாற்றினேன். மூணு. இப்படிச் சுத்தமாக யாரும் சொன்னதில்லை. துளி கோஸ்ட்கூட இல்லாத திரையை உலகத்தில் எவனும் செய்ததில்லை. ஒரு கணம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம்தான் உறைத்தது, வலது கண்ணுக்கு நான் அனுப்பிய எண் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

அருகில் போய் அவருடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"இப்ப சொல்லுங்க அண்ணி."

முகத்தைத் திரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"வெளிச்சம் தெரியுது," என்றார் மெதுவாக. "மார்கழிப் பனியாட்டம் வெள்ளையா இருக்குது."

"எத்தினி நாளா?"

"தெரியலப்பா. போன மழைக்கே கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துது. உப்புக் காந்தல்னு நெனச்சேன். அளத்துல யாருக்குத்தான் கண்ணு காந்தல?" பிறகு என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார். "நான்தான் அன்னிக்கே சொன்னனே தம்பி, வரலன்னு."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துவந்து பார்த்தேன். வலது கருவிழியின் நடுவில் சாம்பல் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த முகத்தை எத்தனை வருடமாகப் பார்த்துப் பேசுகிறோம். அந்தக் கண் எப்போதும் இடுங்கியே இருந்தது, ஊரில் எல்லோர் கண்ணும் இடுங்கியே இருந்ததால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. போகும்போதும் வரும்போதும் அதே வலது கண்ணையே மூடிக்கொண்டு நடந்திருக்கிறார்.

மறுநாள் காலை அண்ணனும் நானும் அவரைப் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இளம்பெண். ஒரு சின்ன டார்ச்சை மேலே கீழே இப்படி அப்படி என்று மாற்றிப் பிடித்து, எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்று கேட்டார். அண்ணி மூன்று பக்கத்தைச் சரியாகச் சொன்னார். காதோரப் பக்கம் தயங்கினார். கண்ணின் அழுத்தத்தையும் அளந்தார்கள்.

"புரை நல்லா முத்திப்போச்சும்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? முத்தின புரை உள்ள அழுத்தத்தை ஏத்திவிடும். அழுத்தம் ஏறினா பின்னாடி இருக்கிற நரம்பு போயிடும். புரையை எடுத்துடலாம், வேற லென்ஸ் வைக்கலாம். நரம்பு போனா ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்ப நரம்பு எப்படி இருக்குது?" என்று நான் கேட்டேன்.

"புரை மறைக்குதே, உள்ள சரியா பார்க்க முடியல. எடுத்தப்புறம்தான் சொல்ல முடியும். இந்த வாரமே எடுத்துடணும். அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்தப் பேச்சே கிடையாது."

ஐந்து மாதத்துக்கு முன்னால் மாசி. நண்டு வெளியே வராத அதே மாசி. அந்த நாற்காலியில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் அண்ணி தன் முடிவைச் சொன்னார். "மழை வரட்டும் தம்பி. அப்பறம் பாத்துக்கலாம்."

அளத்துக்காரர்களுக்கு எல்லாம் மழைக்குத்தான். கல்யாணம் மழைக்கு, வீட்டுக்கு ஓலை மாற்றுவது மழைக்கு முன்னால், ஆஸ்பத்திரி மழைக்கு. உப்பு விளைகிற வெயிலில் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பாத்திக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் எலும்பில் ஊறியது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அதுவரை அந்த நரம்பு காத்திருக்காது. எனக்கு வழக்கம்போல் கோபம் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன். கத்தல் வரவில்லை, அழுகை வந்தது. நடுரோட்டில், பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கு எதிரே, மூக்கு ஒழுக அழுதேன். அன்றைக்கு நான் கத்தாமல் இருந்திருந்தால் நீங்கள் பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவன் நான் என்று உளறினேன்.

அண்ணி திகைத்துப்போய் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார்.

"இன்னாப்பா இது? எனுக்குக் கண்ணு போச்சுன்னா நீ அழுவற? எல்லாரும் உனுக்குத்தான் ஆபரேசன்னு நெனைக்கப் போறாங்க." பிறகு அண்ணனைப் பார்த்து, "சரி, எழுதிக் குடுத்துட்டு வாய்யா. இவன் அழுவறதப் பாக்கறதுக்கு ஊசி குத்திக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது, கட்டுப் போட்டு வெளியே அழைத்துவந்தார்கள். கட்டைப் பிரிக்கிறவரைக்கும் இருந்த அந்த ஒரு நாள்தான் நீண்டது. என் திரைகளை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொருளின் ஆழம் படத்தில் இல்லை, இரண்டு கண்ணுக்கும் தெரிகிற வித்தியாசத்தில் இருக்கிறது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பேன். ஆழம் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் திரையை ஒருமுறை பார், கண்ணை ஒருமுறை பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் எதிரே உட்கார்ந்து கையில் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காலையில் டாக்டர் கட்டைப் பிரித்து, இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல்களைக் காட்டினார்.

"ரெண்டு," என்றார் அண்ணி. "மோதிரம் போட்டிருக்கிறீங்க. செவப்புக் கல்லு."

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் கருவியில் வெகுநேரம் பார்த்தார். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது என்றார். ஓரத்தில் கொஞ்சம் நரம்பு அடிபட்டிருக்கிறது, காதோரப் பக்கம் ஒரு துண்டு தெரியாது, அது போனது போனதுதான், இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் மிச்சமும் இருக்காது என்றார். அந்தத் துண்டு என் கணக்கில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் அப்படிச் சொன்னபோது, "அந்தப் பக்கம் எப்பவும் உங்க அண்ணன்தான் நிப்பாரு, தெரியாட்டி போவுது" என்றார்.

சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலையில் சுமை தூக்கக் கூடாது, குனியக் கூடாது. இரண்டு மாதம் அண்ணி வீட்டில் அடைந்து கிடந்ததைச் சரித்திரத்தில் எழுதலாம். அண்ணனுக்கு அந்தக் கண்ணைத் தொடவே பயம் என்பதால் பக்கத்து வீட்டு அக்கா மருந்து விட்டார். நான் வாராவாரம் வந்தேன். திரையை எடுத்துவரவில்லை. அவரும் கேட்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அம்பாரங்களுக்குக் கீற்று போட்டு மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். நான் போகிறேன் என்றேன். அளத்தைப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு, நானும் வருவேன் என்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. மேகம் போட்டிருந்ததால் வெயில் குத்தவில்லை. அவர் முன்னால் நடந்தார், தூக்குச்சட்டியோடு நான் பின்னால் போனேன்.

கழிவெளி ஏரியின் உப்புத் தண்ணீர் வருகிற பெரிய வாய்க்காலின் குறுக்கே ஒரு பனைமரத்தைப் பிளந்து போட்டிருக்கிறார்கள். அளத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி. பெண்கள் உப்புக் கூடையோடு அதன்மேல்தான் போவார்கள், வருவார்கள். அண்ணி ஒரு காலை அதில் வைத்தவர், கீழே பார்த்துவிட்டுக் காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

"இன்னா தம்பி இது? இவ்ளோ பள்ளமாவா இருக்குது?"

தண்ணீர் வடிந்து, ஓர் ஆள் ஆழத்தில் சேறு தெரிந்தது.

"எப்பவும் இதான அண்ணி. புதுசா ஒண்ணும் தோண்டல."

"இது மேலயா நான் கூடைய வச்சிக்கினு போனேன், வந்தேன்?"

நாளுக்கு எத்தனை நடை நடந்திருப்பார் என்று எனக்குக் கணக்குப் போடத் தோன்றியது, போடவில்லை. மாசியிலிருந்து ஆடிவரை, நான் சென்னையில் லென்ஸின் சாய்வைத் திருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், தலையில் உப்போடு ஒற்றைக் கண்ணால் இந்தப் பிளந்த மரத்தின்மேல் நடந்திருக்கிறார்.

"பயமாவே இல்லயா அப்ப?"

"காலுக்கு வழி தெரியும், போயிடும். இப்பதான் பயமா இருக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார். முகத்தில் வேர்த்திருந்தது. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டு நான் மரத்தின்மேல் ஏறி, முன்னால் நின்று கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். என் விரல்கள் நசுங்கும் பிடி. ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னாலேயே வந்தார். அக்கரையில் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, சோறு ஆறிப்போகுது, சீக்கிரம் வாங்க என்று கையை ஆட்டினார். எனக்கும் மரம் ஆடுவது பிடிக்கவில்லை. இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றிருந்தது.

நட்டநடுவில் அண்ணி நின்றுவிட்டார்.

"என்னா அண்ணி, தல சுத்துதா?"

"இல்ல." அவர் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் ஒரு கொக்கு நின்றது. அதன் காலடியில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. "கீழ இருக்கறது கீழ இருக்குது, நாம மேல இருக்கறோம். இரு தம்பி. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

நான் கையை விடாமல் நின்றேன்.